சங்கிலிவாளுக்குச் செயினும் பாரும்: விரல்களையும் முகத்தையும் காக்கும் தெரிவு



நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல் என்று எழுதிவரும் எமது சுகாதாரப் பக்கத்தில் இம்முறை மரம் அரியும் சங்கிலிவாளைப் பற்றி எழுதுகிறோம். "இதற்கும் சுகாதாரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். லா சப்பலைச் சுற்றி ஒற்றை அறைகளில் வாழ்க்கையைத் தொடங்கிய பல குடும்பங்கள் இன்று லா கூர்னேவ், பொண்டி, வில்ப்பான்ட், சார்செல் என்று புறநகர்களில் தோட்டத்துடன் வீடு வாங்கிவிட்டன. வீட்டோடு பழைய செறி மரமும், கூரைக்கு மேல் வளர்ந்த துயா வேலியும் சேர்ந்து வந்துவிடுகின்றன. ஆள் பிடித்து வெட்டுவித்தால் காசு. ஆகவே சனிக்கிழமை கடைக்குப் போய் ஒரு மெஷின் வாங்கி, ஞாயிறு காலை சாரத்தோடும் பாட்டாவோடும் மரத்தடியில் நிற்கும் அண்ணன்மாரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த அண்ணன்மாருக்கும், அவர்களைத் தடுக்க முடியாமல் யன்னலில் நிற்கும் அக்காமாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

லா சப்பலில் தங்கச் சங்கிலி வாங்கப் போனால் நாம் எவ்வளவு கவனமாக இருக்கிறோம்! 22 கரட் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். தராசில் வைத்து நிறுக்கச் சொல்கிறோம். கொளுக்கி இறுக்கமா என்று இழுத்துப் பார்க்கிறோம். மாமியையும் மச்சாளையும் கூட்டிக்கொண்டு நாலு கடை ஏறி இறங்குகிறோம். ஆனால் எமது முகத்துக்கு முன்னால், பெற்றோல் வாள்களில் செக்கனுக்கு 20 மீற்றர், அதாவது மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் இரும்புச் சங்கிலியை வாங்கும்போது மட்டும் "35 சென்ரிமீற்றர் ஒன்று தாருங்கள்" என்று கேட்டு, மலிவானதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்தச் சங்கிலியிலும் முத்திரை உண்டு. அதை வாசிக்கத் தெரிந்தால் பாதி ஆபத்து குறையும்.

1999 டிசம்பர் 26 காலை பாரிஸை அடித்த புயலை அப்போது இங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வேர்சாய் மாளிகைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 10,000 மரங்கள் விழுந்தன. அன்று காற்றில் இறந்தவர்கள் ஒருபுறம். காற்று நின்ற பின்னர், விழுந்த மரங்களை வெட்டி அகற்றும்போது இறந்தவர்களும் ஊனமானவர்களும் இன்னொருபுறம். ஒவ்வொரு பெரிய புயலுக்குப் பின்னரும் இப்படித்தான். பழக்கமில்லாத கைகள் அவசரத்தில் வாளைத் தூக்குவதே இதற்குக் காரணம்.

பின்னுதைப்பு என்றால் என்ன?

சங்கிலிவாளைப் பிரெஞ்சில் 'துறொன்சொனேஸ்' என்கிறார்கள். அதில் முன்னோக்கி நீண்டிருக்கும் தட்டையான இரும்புத் தகடுதான் பார். கடையில் 'கிட் ஷேன்' என்று கேட்க வேண்டும். பாரின் விளிம்பில் ஒரு தவாளிப்பு ஓடுகிறது. செயின் அதற்குள் சுற்றிவருகிறது.

பாரின் மூக்கை ஒரு மணிக்கூட்டு முகம்போல நினைத்துக்கொள்ளுங்கள். 12 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட மேல் கால்பகுதிதான் ஆபத்தான இடம். அந்தப் பகுதி ஒரு கிளையிலோ வேலிக் கம்பத்திலோ முட்டினால் பல் ஒரு கணம் மரத்தில் சிக்குகிறது. செயின் நின்றாலும் இயந்திரத்தின் பலம் நிற்பதில்லை. அந்தப் பலம் முழுவதும் பாரை மேலேயும் பின்னேயும், அதாவது வாளைப் பிடித்திருப்பவரின் கழுத்தையும் முகத்தையும் நோக்கி வீசுகிறது. இதைத்தான் பின்னுதைப்பு என்கிறோம். 'ரெபொன்' என்பது பிரெஞ்சுச் சொல். கண் இமைப்பதற்குள் நடந்து முடிந்துவிடும். "நான் பலமாகப் பிடிப்பேன்" என்பவரும் அதைத் தடுக்க முடியாது. முன் கைபிடிக்கு மேலிருக்கும் செயின் பிறேக் உதவும்தான். ஆனால் பிறேக் என்பது நடந்த பின்னர் காப்பாற்றுவது. நடக்காமல் காப்பது பாரும் செயினும்.

பாரில் பார்க்க வேண்டியது இரண்டு: நீளமும் மூக்கின் அகலமும். மூக்கு ஒடுங்கியதாக இருந்தால் அந்த ஆபத்தான கால்பகுதியும் சிறிதாகிவிடும், உதைப்பும் குறையும். நீளத்தைப் பொறுத்தவரை எம்மவரிடம் ஒரு பலவீனம் உண்டு. பெரிதென்றால் நல்லது என்று நினைக்கிறோம், தொலைக்காட்சி வாங்கினாலும் சரி, கார் வாங்கினாலும் சரி. புறநகரில் வசிக்கும் எமது உறுப்பினர் ஒருவர் 35 சென்ரிமீற்றர் பாருடன் வந்த மின்சார வாளுக்கு 45 சென்ரிமீற்றர் பார் பூட்ட முடியுமா என்று கேட்டார். அவருடைய தோட்டத்திலிருந்த மிகப் பெரிய மரம் 20 சென்ரிமீற்றர் விட்டம்! நீண்ட பாரை இழுக்கச் சிறிய மோட்டருக்குப் பலம் போதாது. பாரம் முன்னால் விழுவதால் கை சோர்கிறது. எல்லாவற்றையும் விட, மூக்கு மரத்தின் மறுபக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நீட்டிக்கொண்டிருந்து எதிலாவது முட்டுகிறது. வீட்டுத் தோட்டத்துக்கு 30 அல்லது 35 சென்ரிமீற்றர் போதும். விரல் தடிப்புக் கிளைகளுக்குக் கைவாளே போதும் என்பது எமது கருத்து. ஊரில் கிளுவை வேலியைக் கத்தியால் வெட்டித்தானே வளர்ந்தோம்.

மூன்று இலக்கங்கள்

இனி முத்திரைக்கு வருவோம். செயினையும் பாரையும் வாளில் பொருந்தச் செய்பவை மூன்று இலக்கங்கள்.

முதலாவது, கண்ணிகளுக்கிடையிலான தூரம். 'பா' என்பார்கள். அடுத்தடுத்திருக்கும் மூன்று றிவெற்களில் முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து, இரண்டால் பிரித்தால் வருவது இது. அங்குலக் கணக்கில்தான் எழுதுவார்கள்: 1/4, .325, 3/8, .404. வீட்டு வாள்களில் பெரும்பாலும் 3/8 இன் சிறிய வகை இருக்கும். இங்கேதான் ஒரு பொறி. 3/8 இல் இரண்டு வகை உண்டு. தொழிலாளர்கள் பாவிக்கும் பெரிய 3/8, வீட்டு வாளுக்கான தாழ்ந்த 3/8. அடிமட்டத்தால் அளந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது ஓடாது. பெட்டியில் 3/8 க்குப் பக்கத்தில் 'எல்.பி.' அல்லது 'பி' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது தாழ்ந்த வகை.

இரண்டாவது, தடிப்பு. பிரெஞ்சில் 'ஜோஜ்'. செயினிலிருந்து நாக்குப்போலக் கீழே நீட்டிக்கொண்டு பாரின் தவாளிப்புக்குள் ஓடும் கண்ணியின் தடிப்பு இது. 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீற்றர் என்று வரும். தவாளிப்பு 1.3 ஆக இருந்து செயின் 1.5 ஆக இருந்தால் உள்ளேயே போகாது. அது நல்லது, உடனே தெரிந்துவிடும். மாறாக, தவாளிப்பு 1.5, செயின் 1.3 என்றால் சுகமாகப் போய்விடும். ஓடும்போதுதான் செயின் ஒருபக்கம் சாய்ந்து, வெட்டு வளைந்து, கைபிடி நடுங்கத் தொடங்கும்.

மூன்றாவது, அந்த நாக்குக் கண்ணிகளின் எண்ணிக்கை. நாம் அகப்பட்டது இதில்தான். எமது சங்கத்தின் கோடைகால ஒன்றுகூடலுக்காக ஒரு தோட்டத்தைத் துப்புரவாக்கியபோது செயின் தேய்ந்துவிட்டது. "35 சென்ரிமீற்றர், 3/8, 1.3" என்று எல்லாம் சரியாகச் சொல்லி ஒரு கடையில் புதியது வாங்கினோம். ஒரே 35 சென்ரிமீற்றர் பாருக்கு ஒரு தயாரிப்பில் 50 கண்ணிகளும் இன்னொன்றில் 52 கண்ணிகளும் வரும் என்பது எமக்குத் தெரியாது, விற்றவரும் கேட்கவில்லை. எமக்குத் தேவைப்பட்டது 50, கையிலிருந்தது 52. இறுக்கும் ஆணியைக் கடைசிவரை திருப்பியும் செயின் சற்றுத் தொங்கியது. "பரவாயில்லை, ஓடும்" என்று ஓட்டினோம். ஐந்து நிமிடத்தில் பாரைவிட்டுக் கழன்று, எமது தம்பி ஒருவரின் வலது கையுறையைக் கிழித்துக்கொண்டு போனது. கையுறைக்குள் இருந்த கை தப்பியது. அன்றிலிருந்து பழைய செயினை மேசையில் வைத்து, ஒவ்வொரு நாக்காக எண்ணி, கடதாசியில் எழுதிக்கொண்டுதான் கடைக்குப் போகிறோம்.

இந்த மூன்று இலக்கங்களும் பெரும்பாலான பார்களில், இயந்திரத்தோடு பூட்டப்படும் முனையில் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணெய்க் கறுப்பைத் துடைத்தால் தெரியும். செயினின் நாக்கிலும் ஓர் இலக்கம் இருக்கும். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஸ்ரில் செயினின் நாக்கில் 1 என்றால் 1.1 மில்லிமீற்றர், 3 என்றால் 1.3, 6 என்றால் 1.6. ஒரிகன் செயினில் 91 என்றால் தாழ்ந்த 3/8, 1.3 மில்லிமீற்றர். இந்த ஒரிகன் செயினுக்கு ஒரு சுவையான கதை உண்டு. அமெரிக்க மரவெட்டியான ஜோ கொக்ஸ் 1946இல் ஒரு மரக்குற்றியில் வண்டின் புழு மரத்தை அரித்துக்கொண்டு போவதைப் பார்த்தார். அதன் தாடைகள் இடமும் வலமும் மாறிமாறிக் கடிப்பதைக் கவனித்து, அதேபோலப் பல்லை அமைத்தார். இன்று நாம் வாங்கும் செயின்களில் இடப்பல் ஒன்று, வலப்பல் ஒன்று என்று மாறி வருவது அந்தப் புழுவிடம் கற்ற பாடம்.

பாருக்கும் செயினுக்கும் மூன்றாவது கூட்டாளி ஒன்று உண்டு. இயந்திரத்துக்குள் செயினை இழுக்கும் பற்சில்லு. அதன் பல் இடைவெளியும் செயினோடு ஒத்திருக்க வேண்டும். தேய்ந்த பற்சில்லில் புதுச் செயினைப் பூட்டினால் புதியதும் விரைவில் கெட்டுவிடும். இரண்டு செயின் தேய்ந்தால் ஒரு பற்சில்லு மாற்றுவது நல்ல கணக்கு.

மென்மையான செயின்

இலக்கங்கள் ஒத்துவந்த பிறகு எந்த வகைப் பல் என்ற கேள்வி. சதுர மூலைப் பல் வேகமாக வெட்டும். ஆனால் மண்ணிலோ காய்ந்த மரத்திலோ உடனே மழுங்கும், உதைப்பும் கூட. மூலை வளைந்த பல் சற்று மெதுவாக வெட்டினாலும் கூர் நீடிக்கும். வீட்டுக்கு வளைந்ததே பொருத்தம். அதிலும், பல்லுக்கு முன்னால் மேடுபோல உயர்ந்த பாதுகாப்புக் கண்ணி கொண்ட செயின்கள் உள்ளன. மூக்கு மரத்தில் முட்டும்போது அந்த மேடு பல்லை ஆழமாகக் கடிக்கவிடாது. கடையில் 'அன்ரி ரெபொன்' என்றோ 'ஃபெப்ல் ரெபொன்' என்றோ கேளுங்கள். "அது மெதுவாக வெட்டும், இதைக் கொண்டுபோங்கள்" என்று யாராவது சொன்னால் மெதுவாகவே வெட்டுவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை வெட்டுபவருக்கு என்ன அவசரம்?

விரல் வெளுத்தால்

வெட்டுக் காயம் எல்லோருக்கும் தெரியும். தெரியாத வருத்தம் ஒன்று இருக்கிறது.

லா சப்பலில் மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினாலும் நாம் ஓடுவது லாறிபுவாசியேர் வைத்தியசாலைக்குத்தானே. 1854இல் திறக்கப்பட்ட அந்த வைத்தியசாலையில் பணியாற்றிய வைத்தியர்களில் ஒருவர் மொரிஸ் ரெய்னோ. குளிர் பட்டவுடன் சிலருடைய விரல்கள் இரத்தம் வற்றி வெளுத்து, பிறகு நீலமாகி, சூடானதும் சிவந்து குத்துவதை அவர் 1862இல் பாரிஸில் தமது பட்ட ஆய்வில் விவரித்தார். அதனால்தான் இன்றும் அந்த நோய்க்கு ரெய்னோ என்று பெயர். பிறகு 1918இல் அலிஸ் ஹமில்ற்றன் என்ற அமெரிக்கப் பெண் வைத்தியர், காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணக்கல் செதுக்கும் தொழிலாளர்களிடம் அதே வெள்ளை விரலைக் கண்டார். அங்கே காரணம் சுத்தியலின் அதிர்வு. 1960களில் காடுகளில் சங்கிலிவாள் பரவியபோது மரவெட்டிகளிடமும் அது பெருமளவில் தெரிந்தது. அதன் பிறகே கைபிடிக்கும் மோட்டருக்கும் இடையே அதிர்வு தாங்கும் றப்பரும் ஸ்பிரிங்கும் வைக்கத் தொடங்கினார்கள்.

ஐரோப்பியச் சட்டம் எட்டு மணிநேர வேலைக்குக் கையில் ஏறும் அதிர்வுக்கு 2.5 என்ற அளவில் எச்சரிக்கையும் 5 என்ற அளவில் தடையும் வைத்திருக்கிறது. வாளோடு வரும் கைநூலில் ஒவ்வொரு கைபிடிக்கும் அதிர்வு எவ்வளவு என்று எழுதியிருக்கும். 5 என்றிருந்தால் இரண்டு மணிநேரத்தில் அன்றைய எச்சரிக்கை அளவு வந்துவிடும். 7 என்றால் ஒரு மணிநேரத்தில். இவை கூரான, பொருத்தமான செயினோடு எடுத்த கணக்குகள். மழுங்கிய செயினும், தவாளிப்பில் ஆடும் செயினும், பல்லுக்கு முன்னாலுள்ள ஆழக்கட்டையை அளவுக்கு மேல் அராவிய செயினும் இதைக் கூட்டிவிடும். செயினைத் தெரிவுசெய்வது விரலுக்கு மருந்து என்று நாம் சொல்வது இதனால்தான்.

எமது தோல் நிறத்தில் வெளுப்பு எளிதில் தெரியாது. நகத்தின் அடியையும் உள்ளங்கைப் பக்கத்தையும் பாருங்கள். விரல்நுனி மரத்துப்போவது, குளிரில் சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல் போவது, இரவில் கை விறைத்து எழும்புவது ஆகியவை தொடக்கம். புகைபிடித்தால் இன்னும் மோசமாகும். அதிர்வை நிறுத்தினால் தொடக்க நிலையில் குறைய வாய்ப்புண்டு. விட்டுவிட்டால் நிலைத்துவிடும்.

தோட்ட வேலை நிறுவனங்களில் வேலை செய்யும் எம்மவர்களில் சிலர் இதை வெளியே சொல்வதில்லை. "சொன்னால் வேலை போய்விடும்" என்ற பயம். பிரான்சில் இது அங்கீகரிக்கப்பட்ட தொழில்நோய். பொதுப் பட்டியலில் 69ஆவது அட்டவணை, தோட்ட வேலையும் சேரும் விவசாயப் பட்டியலில் 29ஆவது அட்டவணை. உங்கள் குடும்ப வைத்தியரிடம் இந்த இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். வேலையில் வெட்டுப்பட்டால் 24 மணிநேரத்துக்குள் முதலாளிக்கு அறிவிக்க வேண்டும். பதிவில்லாமல் கையில் காசு வாங்கி வார இறுதியில் மரம் வெட்டப் போகும் தம்பிமாருக்கு நிலைமை இதைவிடச் சிக்கல். விபத்து நடந்தால் வேலை கொடுத்தவர் "இவரை எனக்குத் தெரியாது" என்பார். அப்போது உங்கள் பக்கம் கதைக்க ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்காது.

பராமரிப்பில் சில

செயினைத் தொடுமுன் பற்றரியைக் கழற்றுங்கள், மின்வயரை இழுங்கள். பாரின் அடியில் செயின் ஒட்டியிருந்து, கையுறைக் கையால் இழுத்தால் தடங்கலின்றிச் சுற்றினால் இறுக்கம் சரி. சூட்டில் செயின் நீளும், ஆறினால் சுருங்கும். ஆகவே வெட்டிக்கொண்டிருக்கும்போது இறுக்கியதை வேலை முடிந்ததும் சற்றுத் தளர்த்த வேண்டும். வெட்டும்போது சீவலாக விழுந்தால் கூர் உண்டு. மாப்போலத் தூள் பறந்தால் அராவும் நேரம் வந்துவிட்டது. அந்த மெல்லிய தூளை மூக்கில் இழுப்பதும் நல்லதல்ல; மரத்தூள் மூக்குப் புற்றுநோய்க்குக் காரணங்களில் ஒன்று. தாழ்ந்த 3/8 செயினுக்கு 4 மில்லிமீற்றர் வட்ட அரம், .325க்கு 4.8. பாரையும் இடையிடையே தலைகீழாக மாற்றிப் பூட்டினால் இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும்.

காரிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஒயிலைச் செயினுக்கு ஊற்றும் பழக்கம் எம்மவரிடம் உண்டு. காசு மிச்சம்தான். ஆனால் எரிந்த ஒயிலில் தோல் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்கள் உள்ளன. செயின் அதைச் சிறு துளிகளாக உங்கள் கையிலும் முகத்திலும் தெளிக்கும். செயினுக்கென்று விற்கும் தாவர எண்ணெயையே வாங்குங்கள்.

ஊருக்குச் செயின் கொண்டுபோகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஒரு செயின் வாங்கிக்கொண்டு வா" என்று மச்சான் சொன்னால், பாரின் முத்திரையையும் செயினின் நாக்கையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கண்ணிகளையும் எண்ணச் சொல்லுங்கள். பனை, தென்னையின் வெளிவைரம் பல்லைச் சீக்கிரம் மழுங்கடிக்கும், எனவே வளைந்த மூலைப் பல்லே நல்லது. போர் நடந்த இடங்களில் மரத்துக்குள் செல் துண்டுகள் புதைந்திருக்கலாம். இங்கே லொரேன் பகுதியில் முதலாம் உலகப் போரின் இரும்பு ஏறிய மரங்களுக்கு 'புவா மித்றையே' என்று தனிப் பெயரே உண்டு. இரும்பில் பல் பட்டால் செயின் அறுந்து பறக்கலாம். மரப்பட்டையில் பழைய வடுவோ புடைப்போ இருந்தால் அந்த இடத்தில் வாளை வைக்க வேண்டாம்.

வெட்டுப்பட்டால்

வெட்டு அதிகம் விழுவது காலிலும் இடது கையிலும். சாரத்தை மடித்துக் கட்டுவது பாதுகாப்பல்ல. செயினைச் சிக்கவைத்து நிறுத்தும் நார் வைத்த காற்சட்டை, ஐ.எஸ்.ஓ. 11393 என்ற இலக்கத்துடன் விற்கிறது. வகுப்பு 1 செக்கனுக்கு 20 மீற்றர் வேகம்வரை சோதிக்கப்பட்டது. கூடவே சப்பாத்து, முகவலை, காதுமூடி. பெற்றோல் வாளின் சத்தம் காதருகே 100 டெசிபலைத் தாண்டும். 85 இலேயே காதுமூடி கட்டாயம் என்கிறது வேலைச் சட்டம்.

இரத்தம் பாய்ந்தால் சுத்தமான துணியால் நேரே காயத்தின்மீது அழுத்திப் பிடித்துக்கொண்டே 15க்கு அழையுங்கள். 112உம் சரி. 'துறொன்சொனேஸ்' என்ற சொல்லையும் உங்கள் முகவரியையும் முதலில் சொல்லுங்கள், மற்றதை அவர்கள் கேட்பார்கள். விரல் துண்டானால் அதைச் சுத்தமான துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரலில் ஐஸ் நேரடியாகப் படக்கூடாது. கைச் சத்திரசிகிச்சை நடக்கும் வைத்தியசாலைக்கே அனுப்பும்படி 15இல் கேட்கலாம்.

ஏற்புவலித் தடுப்பூசி பிரான்சில் பெரியவர்களுக்கு 25, 45, 65 வயதுகளிலும், அதன் பிறகு பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் போடப்படுகிறது. பிள்ளைகளின் ஊசிக் கொப்பியை அடிக்கடி புரட்டும் நாம் எமது சொந்த ஊசி எப்போது போட்டது என்று பார்ப்பதே இல்லை. செயின் வாங்கப் போகும் சனிக்கிழமைக்கு முன்னர் அதையும் லாச்சியிலிருந்து எடுத்துப் பாருங்கள்.